எமகண்டத்தில் தட்டிய எண்டர்

சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் என் மாமனாருக்கு ஓர் எடை மேடை உண்டு. லாரி ஏறி நின்றால் கம்ப்யூட்டர் எடையைக் காட்டும், ரசீது அச்சாகும். பழைய சிஸ்டம் வைரஸ் புகுந்து படுத்துவிட்டபோது அதில் லினக்ஸைப் போட்டவள் நான்தான். அன்றிலிருந்து அதன் முன்னால் உட்கார்ந்து எடை போடுவதும் நான்தான். "இன்னொருக்கா நின்னுச்சுன்னா சின்னவனை வரச்சொல்லி மேடைய அவன்கிட்ட உட்டுருவேன் அம்மிணி" என்று மாமனார் அன்றைக்கே சொல்லிவிட்டார். சின்னவன் என் கொழுந்தன். டவுனில், ஃபேர்லேண்ட்ஸில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு, லினக்ஸெல்லாம் வேலைக்கு ஆகாது என்று போனில் ஓதுகிறவன். வாழ வந்த வீட்டில் நானாகச் சம்பாதித்த நாற்காலி அது ஒன்றுதான். அவனுக்கு அதைக் கொடுக்க எனக்குத் துளியும் மனமில்லை.

ஆயுத பூஜை வந்தது. மேடைக்குச் சந்தனம், மானிட்டருக்குச் சாமந்தி மாலை, மவுஸுக்குக்கூட ஒரு பொட்டு. பூஜை முடிந்தால் மறுநாள் காலைவரை ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் சுண்டல் எடுத்துவர உள்ளே போன நேரம் பார்த்து, பாவம், அதுவும் ஓய்வெடுக்கட்டும் என்று மாமனார் மெயினை அணைத்தார். யூபிஎஸ்ஸையும் விடவில்லை. கம்ப்யூட்டரில் தானாக அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது அவருக்கு எங்கே தெரியும்?

மறுநாள் காலை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துதான் வந்தது. அப்டேட்டில் வரவேண்டிய பேக்கேஜ்கள் பாதி இறங்கி, பாதி அந்தரத்தில் தொங்கின. எடை பார்க்கும் புரோகிராம் திறக்கவே இல்லை. வாசலில், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிக்கு மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஏற்றிப்போகும் லாரி நின்றது.

"என்ன அம்மிணி, இன்னும் தூங்குதா?"

"நேத்து நீங்கதானுங்க மாமா தூங்க வெச்சீங்க. எந்திரிக்க மாட்டேங்குது."

நின்றுபோன பேக்கேஜ்களைச் சரிசெய்யும் கட்டளையைக் கொடுத்தேன். என்னென்ன குறைகிறது என்று அது கண்டுபிடித்து, தொடரட்டுமா என்று கேட்டது. எண்டரைத் தட்டவேண்டியதுதான் பாக்கி.

"இரு. இப்ப எமகண்டம்" என்றார் மாமனார்.

"புதுசா எதையும் ஆரம்பிக்கலீங்க மாமா. நேத்து நின்னதைத்தான் முடிக்கப்போறேன்."

"தொடரட்டுமான்னு கேக்குதல்ல? கேட்டுட்டாலே அது ஆரம்பந்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு மாலையோடு மானிட்டரைத் தூக்கி ரோட்டில் வைத்திருப்பேன். நாற்காலி போகப்போகிறதே என்ற பயத்தில் எண்டர் மேல் வைத்த விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, கிழங்கு வாடுதுங்க. நான் எதுத்தாப்பல மேடையில போட்டுக்கறேன்" என்று டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

மாமனார் லாரியைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். பிறகு டிரைவரை நிற்கச் சொல்லிக் கைகாட்டி, என் கையை விலக்கிவிட்டு, தன் விரலாலேயே எண்டரைத் தட்டினார்.

"நான் தட்டுனா, வாரது எனக்கு வரட்டும்" என்றார்.

திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. அவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. ஓடி முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். எடை புரோகிராம் ஒன்றும் நடக்காதது மாதிரி திறந்தது. லாரி ஏறியது. எடை தெரிந்தது. ரசீது வெளியே வந்தது.

டிரைவர் வழக்கம்போல ரசீதை மாமனாரிடம் நீட்டி, "கையெழுத்துப் போடுங்க" என்றார்.

மாமனார் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். "எங்கிட்ட எதுக்குங்க? மேடை அவுங்களுது" என்றார்.

ரசீதில் நான் போட்ட முதல் கையெழுத்து. அந்தச் சந்தோஷத்தில் கோணலாகத்தான் விழுந்தது.