இருபது இருபது ஈரோவாகப் பத்தொன்பது முறை

1. ஒரு உறை குறைந்தது

கடலூர் முதுநகர் கிளைக்கு முதன்முதலாகக் கார்டுகள் வந்த நாளில் அவற்றை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. மூட்டையைப் பிரித்து எண்ணினேன். நாற்பத்திரண்டு உறைகள். பட்டியலில் நாற்பத்து மூன்று பெயர்கள். மூன்று முறை எண்ணியும் நாற்பத்திரண்டுதான். மேனேஜர் என் மேஜைக்கு வந்து, "என்னய்யா, முதல் நாளே ஒண்ணக் காணோங்கற" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் அந்த உறை மூட்டையின் அடிமடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் இருந்த பெயர் லூர்துமேரி.

லூர்துமேரி முதுநகரில் பள்ளிச் சீருடை தைப்பவர். கணவர் இல்லை. ஸ்டெல்லா என்று ஒரே மகள், அப்போது ஆறாம் வகுப்பு. உறையை வாங்கிப் பிரித்து, கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார்.

"இது ஏடிஎம் கார்டும்மா. மெஷின்ல போட்டா பணம் வரும்" என்றேன்.

அன்றைக்கு அது முழு உண்மை. முதுநகர்க் கடைகளில் கார்டு தேய்க்கும் இயந்திரம் ஒன்றுகூட இல்லை. அன்று நாற்பத்து மூன்று பேருக்கும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். பிறகு வந்த ஆண்டுகளில் எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

2. பதினோரு பாயிண்ட்

என் சர்வீஸின் கடைசி வருடம். சிதம்பரம் கிளையில் இருந்தேன். வீடு கடலூர் செம்மண்டலத்தில், தினமும் பஸ். ஒருநாள் பதினொரு மணிக்கு லூர்துமேரி வந்து நின்றார். அவருடைய கணக்கு இன்னும் முதுநகர்க் கிளையில்தான் இருந்தது. அங்கேயே கேட்டிருக்கலாமே என்றேன். கார்டைக் கொடுத்தவரிடம்தானே கேட்க வேண்டும் என்றார். அதற்காக ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார்.

ஸ்டெல்லா கல்யாணமாகி ஜெர்மனியில் இருந்தாள். மாசமாக இருந்தாள், தலைப்பிரசவம். பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர முடியாத நிலை. அதனால் தாய்வீடே புறப்பட்டுப் போகிறது. டிக்கெட் வாங்கியது போகக் கணக்கில் 1,26,000 ரூபாய் இருந்தது. ஒன்றரை மாதம் தங்கல், ஞானஸ்நானம் முடிந்ததும் திரும்புவார்.

"தலைப்பிரசவம் எங்க செலவு சார். அங்க போயி மாப்ள கிட்ட கை நீட்டக் கூடாது. குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கற அன்னைக்கு நாப்பது பேருக்கு ஓட்டல்ல சாப்பாடு. அதுவும் நான்தான்னு சம்பந்தி கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, மூத்த மகனோடு அதே ஊரில் இருப்பவர். கல்யாணத்தின்போது அந்த அம்மாள், தையல்காரி வீட்டில் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று யாரிடமோ சொன்னதாகவும், அது தன் காதுக்கு வந்ததாகவும் லூர்துமேரி சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் அவருடைய போனை வாங்கி, வங்கியின் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்தேன். நாள் உச்சவரம்பைக் கூட்டினேன். ஒரு வெள்ளைத்தாளில் பதினோரு பாயிண்ட் எழுதிக் கொடுத்தேன். பின்னால் யாராவது நிற்கிறார்களா பாருங்கள், நம்பரைக் கையால் மறைத்து அழுத்துங்கள், சீட்டைக் கிழித்துப் போடுங்கள், இப்படி. எல்லாம் கடலூர் பஸ் நிலையத்து ஏடிஎம்முக்குப் பொருந்தும் புத்திமதிகள். பக்கத்து மேஜையிலிருந்த எங்கள் மேனேஜர், என்னைவிட இருபத்தாறு வயது சிறியவர், எட்டிப் பார்த்து, "சார், பன்னெண்டாவதா ஸ்வெட்டர் எடுத்துக்கங்கன்னு எழுதிடுங்க" என்றார். எழுதவில்லை.

3. எழுபத்தைந்தாயிரம் இருக்கிறதா

ஐந்து வாரம் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தபோது வாட்ஸப்பில் அழைத்தார். பேத்தி பிறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. ஓட்டலில் பேசிவிட்டாராம். தலைக்கு இருபது ஈரோ, நாற்பது பேருக்கு எண்ணூறு. இந்திய சிம்மை அணைத்து வைத்திருந்ததால் வங்கியின் குறுஞ்செய்தி எதுவும் வரவில்லை. ஆப்பைத் திறக்கப் பயம். கணக்கில் எழுபத்தைந்தாயிரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

பார்த்தேன். 78,120 ரூபாய் இருந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கணக்கு விவரம் திரையில் இரண்டு பக்கத்துக்கு ஓடியது. ஏடிஎம், ஏடிஎம், ஏடிஎம் என்று பத்தொன்பது முறை. ஒவ்வொரு முறையும் இருபது ஈரோ.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ஈரோ தொண்ணூறு ரூபாய். இருபது ஈரோ என்றால் 1,800. அந்த ஊர் இயந்திரம் தன் பங்குக்கு ஒவ்வொரு முறையும் ஐந்து ஈரோ பிடித்திருக்கிறது. அதையும் சேர்த்த தொகைக்கு எங்கள் வங்கி, நாணயம் மாற்றித் தருவதற்கென்று மூன்றரை சதவீத மார்க்கப் போட்டு, அதற்கு வரியும் போட்டிருக்கிறது. போதாததற்கு ஒரு முறை எடுத்தால் 150 ரூபாய் கட்டணம், வரியோடு 177. ஆக மொத்தம் 2,520. கைக்கு 1,800 வர, கணக்கிலிருந்து 2,520 போயிருக்கிறது. தடவைக்கு 720. பத்தொன்பது தடவைக்கு 13,680.

ஏனம்மா இத்தனை முறை எடுத்தீர்கள் என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

"நீங்கதான சார் எழுதிக் குடுத்தீங்க. நாலாவது பாயிண்ட். ஒரே தடவையில ஜாஸ்தி எடுக்காதீங்க, தேவைக்குக் கொஞ்சமா எடுங்கன்னு. தினம் கடைக்குப் போறப்ப வாசல்ல மெஷின் இருக்குது. எடுத்துக்கினு உள்ள போயி பால், காய், பாப்பாவுக்கு வேண்டியது வாங்குவேன்."

"அந்தக் கடையிலயே கார்டைக் குடுத்திருக்கலாமேம்மா."

"ஏடிஎம் கார்டை எதுக்கு சார் கடையில குடுக்கணும்?"

போனை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அந்தக் கார்டின் மேல் ஏடிஎம் என்ற எழுத்தே கிடையாது. டெபிட் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. ஏடிஎம் கார்டு என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள். அதைவிட நாலாவது பாயிண்ட் என் கையெழுத்து.

என் தவறு, பத்தாயிரம் நான் கணக்கில் போட்டுவிடுகிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் இது: "மாப்ள கிட்டயே வாங்கக் கூடாதுன்னுதான் இந்தப் பாடு. உங்க கிட்ட வாங்கினா மட்டும் அது என் சாப்பாடாயிடுமா சார்? வழி மட்டும் சொல்லுங்க."

4. பன்னிரண்டு நாள்

சாப்பாட்டுக்குக் கார்டில் கட்டினால் 72,000, மார்க்கப்பும் வரியும் சேர்த்து 74,974. மீதி 3,146. சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கையில் ரொக்கம் எவ்வளவு என்றேன். நோட்டு இல்லை, சில்லறை ஒரு டப்பா நிறைய இருக்கிறது என்றார். அந்த நாட்டுக் காசுகளில் எது எவ்வளவு என்று பிடிபடாததால் கடையில் எப்போதும் நோட்டை நீட்டிவிட்டு மிச்சத்தை டப்பாவில் போட்டிருக்கிறார். வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி நான் எண்ணினேன். முப்பத்தொரு ஈரோ அறுபது சென்ட். அன்று மத்தியானம் என் மேஜையில் வேறு வேலை நடக்கவில்லை.

ஏடிஎம் பக்கமே போகக் கூடாது, டப்பாவை முதலில் காலி செய்ய வேண்டும், அப்புறம் கடையில் கார்டைச் செருகி நம்பரை அழுத்த வேண்டும் என்று சொன்னேன். மறுவாரம் முதல் முறை கார்டில் வாங்கியதும் அழைத்தார். "பணமே எடுக்கல, பொருள் மட்டும் கைக்கு வந்துடுச்சு சார். திருடிட்டு வந்த மாரி இருக்குது. ரெண்டு தடவை திரும்பிப் பாத்தேன், யாராச்சும் கூப்புடறாங்களான்னு."

வெளிநாடு போகிறவர்களுக்கு ரொக்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கார்டு வாங்காத கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. எடுப்பதானால் ஒரே முறையாகச் சேர்த்து எடுங்கள், பத்திரமாக வீட்டில் வையுங்கள். தடவைக் கட்டணம் இருபது ஈரோவுக்கும் அதேதான், இருநூறுக்கும் அதேதான். தன் பங்குக்குக் காசு பிடிக்கும் இயந்திரம் அதைத் திரையில் முன்கூட்டியே காட்டும். காட்டினால் ரத்து செய்துவிட்டு வேறு இயந்திரத்துக்கு நடங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள், அதற்கு அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். இவ்வளவும் எனக்கு அப்போதும் தெரியும். லூர்துமேரிக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பன்னிரண்டு நாளும் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஈரோ விலையைப் பார்ப்பேன். சாப்பாட்டுக்கு முந்தைய நாள் கணக்கில் இருந்தது 75,610. ஈரோ தொண்ணூறு ரூபாய் எழுபத்தாறு காசைத் தாண்டினால் பணம் போதாது. கார்டு திரும்பி வந்துவிடும். மாப்பிள்ளை எழுந்து வந்து பர்ஸை எடுப்பார். சம்பந்தி பார்த்துக்கொண்டிருப்பார். என் வீட்டில், யார் வீட்டு ஞானஸ்நானத்துக்கோ இவருக்குத் தூக்கம் போகிறது என்றார்கள்.

5. சனிக்கிழமை, ஐந்து மணி

அது மாதத்தின் முதல் சனிக்கிழமை, எங்களுக்கு வேலை நாள். ஈரோ சரியாகத் தொண்ணூறில் நின்றது. ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று. கிளம்பாமல் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி ஆனபோது, அங்கே ஒன்றரை, போன் வந்தது. பின்னால் தட்டும் கரண்டியும் சத்தம் போட்டன. லூர்துமேரி ஓட்டல் கல்லா முன்னால் நின்றிருந்தார். குரலைத் தணித்துப் பேசினார்.

"சார், நம்பர் போட்டேன். மெஷின்ல ரெண்டு தொகை காட்டுது. ஒண்ணு எண்ணூறு ஈரோ. இன்னொண்ணு ரூபாயில. எழுபத்தாறாயிரத்து முந்நூத்தி இருபது. எது வேணும்னு கேக்குது. ரூபாதான நம்ம காசு, அதையே அமுக்கட்டுமா?"

இதைச் சொல்ல நான் மறந்திருந்தேன். வெளிநாட்டுக் கடை இயந்திரம் நம் ஊர்க் கார்டைக் கண்டதும் ரூபாயிலேயே கட்டுகிறீர்களா என்று அன்பாகக் கேட்கும். அந்நிய ஊரில் நம் ரூபாயைக் கண்டதும் நம் ஆட்களுக்கு உறவுக்காரரைப் பார்த்தது போல இருக்கும், அமுக்கிவிடுவார்கள். ஆனால் அந்த ரூபாய் விலையை வைப்பவர் இயந்திரக்காரர். அவருடைய லாபம் அதற்குள்ளேயே இருக்கும். 76,320 ரூபாயை அமுக்கினால் 75,610-இல் அது போகாது.

"வேணாம்மா. ஈரோவை அமுக்குங்க. எந்த நாட்டுல இருக்கீங்களோ அந்த நாட்டுக் காசு."

"கணக்குப் பாக்க ரூபா சுலபமாச்சே சார்."

"கணக்கை நான் பாத்துக்கறேன். ஈரோ."

நான் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். மேனேஜர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து என் திரைக்குப் பின்னால் வந்து நின்றார். பதினான்கு எண்ணியபோது போனில் சீட்டு அச்சாகும் சரசரப்புக் கேட்டது. திரையைப் புதுப்பித்தேன். 74,974 போயிருந்தது. மீதி 636 ரூபாய்.

மேனேஜர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய் விளக்குகளை அணைக்கத் தொடங்கினார்.

லூர்துமேரி போனைத் துண்டிக்க மறந்துவிட்டார். அது அவர் கையிலேயே மேஜைகளுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தது. குரலில் இப்போது தணிவு இல்லை. "என்ன சம்பந்தி, அதுக்குள்ள கை கழுவிட்டீங்க? இன்னும் கொஞ்சம் வெச்சிக்குங்க. பெரிய மாப்ள, நீங்களும்தான். ஏய் ஸ்டெல்லா, அவுங்க தட்டுல பாரு, ஒண்ணுமே இல்ல." யாரோ ஒரு வயதான பெண் போதும் போதும் என்று சிரிப்பது கேட்டது. நானாகத் துண்டித்தேன்.

நான் ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதத்தில் வெளிநாடு போகிறேன் என்று என் மேஜைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். எந்த நாடு, எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று நான் முதலில் கேட்கவில்லை. அங்கே போய் யாருக்கு, எதற்குச் செலவு செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை பேனாவைத் திறக்கவில்லை. கட்டண விகிதங்கள் வருஷத்துக்கு வருஷம் மாறும், அவற்றை நீங்கள் சர்க்குலரில் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கேள்வியை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.