ஒரே மிஷின், இரண்டு பேர்

எங்கள் சாலவாக்கத்து ஜெனிஃபர் உத்திரமேரூரில் ஓர் உரக்கடை மாடியில் வேலை செய்கிறாள். நெல் அறுக்கும் மிஷினைப் போனிலேயே பதிவு செய்கிற ஆப் அவள் பொறுப்பு. சுற்றுவட்டார மிஷின்கள் எல்லாம் அதில் இருக்கும். காலியாக உள்ளதை அழுத்தினால் நமக்கு ஒதுக்கும். வேலை முடிந்ததும் அது பழையபடி காலி வரிசைக்குப் போய்விடும். இவ்வளவுதான் சங்கதி என்று அவளும் நினைத்தாள், பாவம்.

சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பில் ஆப் கோணிக்கொண்டது. ஒரே மிஷினை இரண்டு பேருக்கு 'உங்களுக்குத்தான்' என்றது. அப்படி ஏமாந்தவர்களில் ஒருத்தி ஜெனிஃபரின் அம்மா ஞானசுந்தரி. ஆயுசெல்லாம் அடுத்தவர் வயலில் அறுத்தவள், முதல் தடவையாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தாள். இரண்டு தடவை பதிவு செய்தாள்; இரண்டு தடவையும் மிஷின் பக்கத்து நிலக்காரர் கன்னியப்பன் வயலில்தான் இறங்கியது. டிரைவர் போனில் இரண்டு பேர் பெயரும் இருந்தால் அவர் யார் பக்கம் போவார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் சாய்ந்த நெல் அத்தனையும் முளைத்துப் போகும்.

"இன்னாடி உன் ஆப்பு? எனக்குன்னு சொல்லிட்டு அவருக்கு அறுக்குது!"

ஜெனிஃபர் குழம்பிப் போனாள். அவள் எத்தனை முறை அழுத்திப் பார்த்தாலும் சரியாகவே ஒதுக்கியது. தவறோ ஒருநாள் காலையில் வந்தது, மறுநாள் சாயங்காலம், அதற்கடுத்த நாள் மதியம். சர்வரை மாற்றினாள், நெட்டைத் திட்டினாள், கடைசியில் தன் புத்தியையே சந்தேகப்பட்டாள்.

"நீ எப்பம்மா அழுத்துனே?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"எல்லாரும் போனை எடுக்கறப்பதான். ராகுகாலம் முடியட்டும்னு ஊரே குந்திக்கினு கீது, முடிஞ்சதும் அழுத்துறாங்க. நம்ம சர்ச்சுக்காரங்களுக்கு அதெல்லாம் இன்னாத்துக்கு? ஆனா அவங்களுக்கு முன்னாடி பூந்தா நல்லாவா இருக்கும்னு நானும் அப்பத்தான் அழுத்துனேன்."

ஜெனிஃபர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு லேப்டாப்பை எடுத்தாள். ராகுகாலம் நாளுக்கொரு நேரத்தில் அல்லவா முடிகிறது! ஊரே ஒரே நொடியில் அழுத்துவதை, தனியாக அழுத்திப் பார்த்தால் எப்படித் தெரியும்? மிஷின் காலியா என்று பார்ப்பது ஒரு வேலை, பெயரைப் போடுவது இன்னொரு வேலை. ஒருவர் பெயரைப் போடுவதற்குள் இன்னொருவருக்கும் காலி என்றே காட்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே வேலையாக்கி, ஒருவருக்கு முடியும்வரை அடுத்தவரை நிறுத்திவைத்தாள். அப்புறமும் சரியாகத்தான் செய்தோமா என்று அவளுக்கே குழப்பம்.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் முடிந்தது, ஊர் அழுத்தியது. கன்னியப்பன் போன் 'காலி இல்லை, நாளைக்குப் பாருங்கள்' என்றது. ஞானசுந்தரி போன் 'உங்களுக்குத்தான்' என்றது. அவள் நம்பவில்லை. போன தடவையும் இதைத்தானே சொன்னது!

மிஷின் வந்தபோது ஞானசுந்தரி வழக்கம்போல வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். இந்தத் தடவையாவது சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஜெனிஃபரும் வயலுக்கு வந்திருந்தாள். டிரைவர் எல்லப்பன் தன் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு பெயர்தான் இருந்தது. வரப்பில் நின்ற கன்னியப்பனை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

"யக்கா, எங்க ஒதுங்குறே? உன் வயலுக்குத்தான் வந்துகீறேன், வழியைக் காட்டு."

ஞானசுந்தரி நகரவில்லை. மகளைப் பார்த்து, "எனக்கு மட்டுமாடி?" என்று கேட்டாள். ஜெனிஃபருக்கு அழுகை வந்துவிட்டது.