யாருடைய பாகம்

அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் யாரும் என்னிடம் பெருந்தன்மையை எதிர்பார்த்து ஏமாறக் கூடாது.

நான் வேலணைத் தீவில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். பள்ளி விடுமுறைகளில் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, கடலடியில் கிடக்கும் பழைய கப்பல்களைப் பார்க்கப் போவேன். சுழியோடப் பழகியது திருகோணமலையில். சிலிண்டருக்குக் காற்று அடிப்பது ஊர்காவற்றுறையில், கடலட்டை பிடிக்கிறவர்களின் இயந்திரத்தில். "அட்டையும் எடுக்காமல் சும்மா இரும்பைப் பாக்கவோ ரீச்சர் இறங்குறீங்கள்?" என்று கேட்பார்கள். ஓம், இரும்பைப் பார்க்கத்தான். கேட்டுவிட்டுத் துணைக்கு ஒருவர் என்னோடு இறங்கவும் செய்வார்.

நெடுந்தீவுக்கு மேற்கே ஒரு நீராவிக் கப்பல் கிடக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் அந்தத் தீவு மீனவர் ஒருவர். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். தகப்பன் காலத்திலிருந்தே அவர்களின் வலை சிக்கிக் கிழிகிற இடம் அது. கரையில் தெரியும் பனைகளை ஒன்றுக்கு நேரே ஒன்று பிடித்துப் பார்த்து அவர் படகை நிறுத்தினால், நங்கூரம் சரியாகக் கப்பலுக்குப் பக்கத்தில் விழும். கடலைக் கலக்குகிற சோளகக் காற்று எழும்புமுன் கிடைக்கிற சில கிழமைகளில், மூன்று வருடமாக அதை அளந்தேன்.

முதல் வருடமே என் அளவு நாடாவை நீரோட்டம் கொண்டுபோய்விட்டது. அண்ணை தன்னுடைய ஆழம் பார்க்கும் கயிற்றை எடுத்து நீட்டினார். கயிற்றைப் பிடித்து இரண்டு கையையும் அகல விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். பாகத்துக்கு ஒரு முடிச்சு. அதன் பிறகு முழுக் கப்பலையும் அந்தக் கயிற்றால்தான் அளந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தையில் நீட்டி அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. புத்தகத்தில் பாகம் என்றால் ஆறடி. அண்ணையின் பாகம் ஐந்தடி. அவர் கட்டையான மனிதர். அதை என் கொப்பியில் குறித்தேன். நான் கீறிய கப்பலின் படத்தில் மட்டும் அளவுகளுக்குப் பக்கத்தில் வெறுமனே 'பாகம்' என்று எழுதி விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பார்க்கிற எந்த மீனவரும் யாருடைய பாகம் என்று கேட்டிருப்பார்.

கொழும்பிலிருந்து வந்த ஆய்வாளர் கேட்கவில்லை. பழைய கப்பல்களைப் பற்றி எழுதுகிறவர், மரியாதையான பேச்சு. என் குசினியில் இருந்து நண்டுக் கறியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்வதாகக் கேட்டார், கொடுத்தேன். கருத்து வரவில்லை. சில மாதம் கழித்துப் பேப்பரில் படம் வந்தது. அவர் கண்டுபிடித்த கப்பலாம். கொதிகலன் வாசலில் நான் விளையாட்டாகக் கீறிவைத்த கலவாய் மீனைக்கூட விடவில்லை. எங்கள் தீவுக்குப் பேப்பர் வராது என்று நினைத்திருப்பார் போல.

அன்று நான் சோறு தின்னவில்லை. மூன்று வருடக் குளிரும் காது வலியும் அவருடைய பெயரில் அச்சாகியிருந்தன. அந்தக் கிழமையே அவர் தொலைபேசியில் வந்தார். ஒன்றும் நடக்காததுபோல் சுகம் விசாரித்துவிட்டு, "இந்தப் பாகம் எண்டுறது ஆறடிதானே ரீச்சர்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. "புத்தகத்தில அப்பிடித்தானே ஐயா இருக்கு," என்றேன். பொய் இல்லையே. போனை வைத்துவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்தேன். அவ்வளவு ருசியான தேநீரை நான் குடித்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் அவருடைய உரை நடக்கப் போவதாக அறிந்ததும் அண்ணைக்குச் சொன்னேன்: "கப்பலைப் பற்றி ஒரு கூட்டம். நீங்களும் வரவேணும்." அவர் பெட்டியில் வைத்திருந்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, முதல் படகிலேயே வந்துவிட்டார்.

ஆய்வாளர் ஒரு மணி நேரம் பேசினார். நீளத்தை மீற்றருக்கு மாற்றி, ஒரு பெரிய கப்பலின் பெயரைச் சொல்லி, அதுதான் இது என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன்.

"எதால அளந்தனீங்கள் ஐயா?"

"கயிற்றால. பாகக் கணக்கு."

"ஆற்ற பாகம்?"

அவர் சிரித்தார். "பாகம் எண்டா ஆறடி. எல்லாருக்கும் ஒண்டுதானே."

நான் அண்ணையை மேடைக்குக் கூட்டிப்போனேன். கயிற்றைக் கையில் கொடுத்து, விரிக்கச் சொன்னேன். தையல் நாடாவால் எல்லோருக்கும் முன்னால் அளந்தேன். ஐந்தடி. "இந்தக் கையாலதான் கப்பலை அளந்தது. கொப்பி என்னட்ட இருக்கு," என்று உயர்த்திக் காட்டினேன். அவர் சொன்ன கப்பல் ஆறில் ஒரு பங்கு சுருங்கிப்போனது. மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஆய்வாளரின் முகம் அவிந்த நண்டாகச் சிவந்ததை நான் ஆசைதீரப் பார்த்தேன். அண்ணை கையை விரித்தபடியே நின்றார். இறக்கச் சொல்ல நான் மறந்துவிட்டேன்.

திரும்பும்போது, நெடுந்தீவுப் படகு புறப்படுகிற குறிகட்டுவானுக்குப் போகும் பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். அண்ணை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அல்லைப்பிட்டி தாண்டியதும் சொன்னார்: "சனம் என்ர கையைப் பாத்தெல்லோ ரீச்சர் சிரிச்சது."

"இல்லை அண்ணை, அவரைப் பாத்து."

"கப்பலைப் பற்றி என்னட்ட ரெண்டு வார்த்தை கேப்பினம் எண்டு நினைச்சு வந்தனான்." வெள்ளைச் சேட்டின் கையை மடித்துவிட்டார். பிறகு, "அந்தப் படத்தை முதல் நீங்கள் கீறேக்க, அதில என்ர பேர் இருந்ததோ?"

மூலையில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. இல்லை என்றேன். வேலணையில் இறங்கும்போது போயிட்டு வாறன் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆய்வாளர் இப்போது எங்கேயும் கப்பல்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று கேள்விப்படுகிறேன். கேட்கும்போதெல்லாம் சந்தோஷமாகவே இருக்கிறது. புதிய படத்தில் இரண்டு பெயரையும் எழுதி, மூன்று தரம் நெடுந்தீவுக்குக் கொண்டுபோனேன். அண்ணை அதை வாங்கிப் பார்க்கவில்லை. கப்பலடிக்குப் போவமோ என்று கேட்டால், ஒவ்வொரு தரமும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, "இண்டைக்கு ஏலாது ரீச்சர், கடல் சரியில்லை," என்கிறார்.

அவருக்குப் பின்னால் கடல் குளம்போலக் கிடக்கிறது. ஓம் அண்ணை என்று சொல்லிவிட்டு அடுத்த படகில் திரும்பி வருகிறேன்.