கண்காட்சி வீட்டு விளக்கு

வெளியூர் வண்டி தெருமுனையில் திரும்பினால் போதும், "கண்காட்சி அக்கா, உனக்குத்தான் ஆள் வருது!" என்று யாராவது குரல் கொடுத்துவிடுவார்கள். அது தெரு அவளுக்கு வைத்த பட்டம். அவள் ஒன்றும் வித்தை காட்டுகிறவள் இல்லை. தையல்காரி. ஜாக்கெட், பள்ளிச் சீருடை, பிய்ந்த பைக்கு ஜிப் என்று கிடைத்ததைத் தைத்துக்கொண்டிருந்தவள். ஆனால் அவள் வீட்டில் ஒரு சூரிய விளக்கு எரிந்தது. அதைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் மேடேறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்த மேட்டுத் தெருவுக்கு மின்கம்பி வந்திருந்தது. மின்சாரம்தான், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிற மருமகள் மாதிரி, நினைத்தால் வரும், நினைத்தால் போகும். எங்கோ தூரத்தில் இருந்த நல்ல மனசுக்காரர்கள் பணம் போட்டு ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு ஒரு சூரியத் தகடு கூரையில், ஒரு பேட்டரி மரப்பெட்டியில், இரண்டு விளக்கு உள்ளே. புகை இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. பணம் போட்டவர்களுக்கு அது என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டாமா? வருஷா வருஷம் ஆள் அனுப்புவார்கள். அதற்கு மதிப்பீடு என்று பெயர்.

வருகிறவர்களைத் திட்ட அதிகாரி நேராக இவள் வீட்டுக்குத்தான் கூட்டி வருவார். காரணம் இல்லாமல் இல்லை. மேடேறினால் முதல் வீடு அது. சுவர் சுத்தமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் அவளுக்கு வாய் இருந்தது. கேட்டதற்கு ஒரு பதில், கேட்காததற்கு ஒன்பது பதில்.

எத்தனை விதமான ஆட்கள்! ஒருத்தர் பட்டப்பகலில் விளக்கைப் போடச் சொல்லி ஃபோட்டோ எடுத்தார். இன்னொருத்தர் ஜன்னலின் நீள அகலத்தை அளந்தார். எதற்கென்று அவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. எல்லாரும் சொல்லி வைத்தாற்போலக் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்.

"இந்த விளக்கு வந்தப்புறம் உங்க சந்தோஷம் எவ்வளவு? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"அஞ்சு" என்பாள் பட்டென்று. "அதுக்கு மேல இருந்தா அதையும் போட்டுக்குங்க சார்."

அவர்கள் சிரிப்பார்கள். அதிகாரி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் பொய் சொன்னதே இல்லை. அவள் வீட்டு விளக்கு நிஜமாகவே ஜம்மென்று எரிந்தது. ஒவ்வொரு தடவையும் ஆட்கள் வருவதற்கு முந்தின நாள் மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போவான். எல்லார் வீட்டுக்கும் அப்படித்தான் போகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம். அதனால் மற்றவர்கள் விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஒருத்தி சூரியத் தகட்டைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்திருந்தாள். "ஓசியில வந்தா அருமை தெரியாது உங்களுக்கெல்லாம். நான் வச்சுக்கலையா? துடைக்கணும், பார்த்துக்கணும்" என்று தெருக்குழாயடியில் நின்று பிரசங்கமே செய்தாள். கேட்டவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இத்தனை பெருமைக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு குறை இருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த ஓரகத்தி அவளோடு பேசுவதில்லை.

கொழுந்தன் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். கணவன்மார் இரண்டு பேரும் கட்டட வேலைக்குப் போய் வாரக் கடைசியில்தான் திரும்புவார்கள். மற்ற நாளெல்லாம் இவளுக்கு அவள், அவளுக்கு இவள். ஒரு வீட்டில் டீ போட்டால் இரண்டு வீட்டுக்கும் போட்டதாக அர்த்தம். அப்படி இருந்தவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று வாயை மூடிக்கொண்டாள். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், இருட்டினால் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு நாள் சாயங்காலம் ஓரகத்தியின் மகள் வாசற்படியில் உட்கார்ந்து மங்கின வெளிச்சத்தில் புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்தது. பெரியம்மாவுக்கு மனசு கேட்குமா?

"ஏண்டி, கண்ணைக் கெடுத்துக்கிறே? உள்ள போய் லைட்டைப் போட்டுப் படி!"

பதிலுக்கு ஓரகத்தி வெளியே வந்து, பெண்ணை இழுத்துக்கொண்டு போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள். இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் என்ன செஞ்சேன் இவளுக்கு? பொறாமை. வீட்டுக்கு நாலு பேர் வந்தா இவளுக்கு வயித்தெரிச்சல்" என்று வாரக் கடைசியில் கணவனிடம் பொரிந்தாள். அவர், "ம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன பெரிய வார்த்தை அதுதான். ஆனால் அவள் அன்று சாப்பிடவில்லை. வாயில் பொறாமை என்று சொன்னாலும், டீ போடும்போதெல்லாம் கை தானாக இரண்டாவது டம்ளருக்குப் போய்த் திரும்பி வந்தது.

இந்த நிலையில்தான் அந்த வருஷத்து மதிப்பீடு வந்தது. இது சாதாரண மதிப்பீடு இல்லை, கடைசி மதிப்பீடு என்று அதிகாரி ஃபோனில் சொன்னார். திட்டத்தைத் தொடருவதா நிறுத்துவதா என்று இதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். மெக்கானிக்குக் காய்ச்சல், வரவில்லை. மதிப்பீட்டுக்கு வருகிற அம்மா மத்தியானம் வந்துவிடுவார். காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் மினுக்மினுக் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

"பதறாதீங்க அக்கா. பெட்டியைத் திறந்து வயரை மட்டும் நல்லா அழுத்திவிடுங்க" என்றார் அதிகாரி ஃபோனில்.

தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். மரப்பெட்டியைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் வெளியே பளபளவென்று துடைத்திருக்கிறாளே தவிர, திறந்தது அன்றைக்குத்தான். வயர் லூசாகத்தான் இருந்தது. அழுத்தினாள், விளக்கு நிமிர்ந்து எரிந்தது. மூடலாம் என்று பேட்டரியைச் சற்றே நகர்த்தினபோது அதன் பின்பக்கம் கண்ணில் பட்டது.

பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். ஒன்றல்ல, வரிசையாக மூன்று.

ஓரகத்தியின் மகள் சின்னவளாக இருந்தபோது பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் பைத்தியம் பிடித்து அலைந்தது. கதவில் ஒட்டும், குடத்தில் ஒட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கிக்கொண்டிருந்த பெரியப்பாவின் வழுக்கையில் நடுவாக ஒட்டிவிட்டது. மனுஷன் அதோடு கடைக்குப் போய் வந்துவிட்டார். அவர்கள் வீட்டு பேட்டரியிலும் ஒட்டியது. ஒட்டும்போது இவள் பக்கத்தில்தான் இருந்தாள். "பேட்டரிக்கும் சட்டை தைக்கணுமா பெரியம்மா?" என்று அது கேட்டதுகூட ஞாபகம் இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆட்கள் வருவதற்கு முந்தின நாள், மெக்கானிக் ஒரு பேட்டரியோடு வந்தான். "உங்களுது பலம் குறைஞ்சு போச்சு. இது சர்வீஸ் பண்ணினது, மாத்தி வைக்கிறேன்" என்றான். டீ போட்டுக் கொடுத்தாள். அதை எங்கிருந்து எடுத்து வருகிறான் என்று கேட்கத் தோன்றவில்லை. அதற்கப்புறம்தான் ஓரகத்தி பேச்சை நிறுத்தினாள். அதற்கப்புறம்தான், 'உள்ள போய் லைட்டைப் போட்டுப் படி' என்று இவள் அந்தக் குழந்தையிடம் சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி முன்னதாகவே வந்து சேர்ந்தார். அவரை வாசலிலேயே மடக்கினாள்.

"சார், இது யாரு பேட்டரி?"

அவர் உள்ளே திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நல்லவர்தான், பொய் சொல்லத் தெம்பில்லை. வாசலில் கிடந்த நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"மாட்டறதுக்குப் பணம் குடுத்தாங்க அக்கா. ரிப்பேருக்குக் குடுக்கல. உங்க பேட்டரி படுத்திருச்சு, மறுநாள் ஆளுங்க வர்றாங்க. நான் என்ன செய்ய? பக்கத்து வீட்டுது நல்லா இருந்துச்சு. திருப்பிக் கொடுத்திரலாம்னுதான் எடுத்தேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"திட்டி முடிச்சிட்டுக் கேளுங்க. இன்னிக்கு வர்ற அம்மா நல்லதுன்னு எழுதினா ரெண்டாம் கட்டம் வரும். தெரு முழுக்கப் புது பேட்டரி, உங்க ஓரகத்தி வீட்டுக்கும் சேர்த்து. மோசம்னு எழுதினா மொத்தமா மூட்டை கட்டிருவாங்க. ஒரு மணி நேரம் வழக்கம்போலப் பேசுங்க, போதும். அப்புறம் உங்க இஷ்டம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் தெருவுக்கே இருட்டு. திறக்காவிட்டால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாள்.

வந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. குடையை ஊன்றிக்கொண்டு மேடேறி வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஆற அமரக் கேள்வி கேட்டார். எத்தனை நேரம் எரியும், என்ன வேலைக்கு உதவுகிறது. எல்லாம் பாடமான பதில்தான், வாய் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. அதிகாரியின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் திரும்பியது.

"கடைசியா ஒண்ணு கேக்கறேம்மா. உங்க சந்தோஷம், ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள..."

வாய் நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

"இந்த பேட்டரி என்னுது இல்லீங்க" என்றாள். "அடுத்த வீட்டுது. அவங்க வீட்டை இருட்டாக்கித்தான் இது எரியுது. எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும். ஆனா நான்தான் ஊருக்கெல்லாம் புத்தி சொன்னேன்."

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா இவளையே பார்த்தார். நம்பலாமா, இதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று எடை போடுகிற பார்வை. "வாங்க, அந்த வீட்டையும் பாத்துருவோம்" என்று குடையை எடுத்தார்.

கதவைத் தட்டும் முன்பே ஓரகத்தி திறந்தாள். உள்ளே பகலிலும் அரையிருட்டு. இவளைத் தாண்டி, வந்தவரைப் பார்த்தாள். அவர் இன்னும் இவளைத்தான் எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டு விளக்கு எரியுதாம்மா?"

"நல்லா எரியுதுங்க" என்றாள் ஓரகத்தி. "ராத்திரி முழுக்க எரியும். புகை இல்ல, கண்ணு எரிச்சல் இல்ல, பொண்ணு படிக்குது. சந்தோஷம் அஞ்சு."

இன்னும் கேட்கவே இல்லை. அதற்குள் அஞ்சு! இத்தனை வருஷமாகச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடம். இவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"அப்ப கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்."

ஓரகத்தி மிடுக்காகப் போய் ஸ்விட்சைத் தட்டினாள். ஒன்றும் எரியவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். "மேகமூட்டமா இருக்குல்ல" என்றாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, மூலையில் மண்ணெண்ணெய் விளக்கையும், அதற்கு மேலே கரி படிந்த சுவரையும் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

"நான் பார்த்ததை எழுதுவேன். ரிப்பேருக்குப் பணம் வைக்காம விளக்குக் குடுத்தது தப்புன்னும் எழுதுவேன். அவங்க நிறுத்துவாங்களா, திருத்துவாங்களா, அது என் கையில இல்ல" என்றார். "சார், மத்த வீடுங்களையும் பார்க்கணும். ஒண்ணு விடாம." முழங்காலைத் தேய்த்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அதிகாரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் போனார். கோழிக்கூடு இருக்கிற வீடுதான் அடுத்தது.

இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடி?" என்றாள் மூத்தவள்.

"எதுக்கு? சர்வீஸுக்குன்னு சொல்லி அவன் என் வீட்டுலேர்ந்து எடுத்து உன் வீட்டுக்குள்ள கொண்டு போறதை என் கண்ணால பார்த்தேன். நீ அவனுக்கு டீ குடுத்தே. தெரிஞ்சுதான் வாங்கிக்கிட்டேன்னு நெனச்சேன். அப்புறம் என் பொண்ணைப் பார்த்து, லைட்டைப் போட்டுப் படின்னு சொன்னியே அக்கா, அன்னிக்கு என் வயிறு எரிஞ்சு போச்சு."

"எனக்குத் தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது."

"தெரியாதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. சுவரு வழியாக் கேட்டுச்சு."

"பின்ன எதுக்கு நல்லா எரியுதுன்னு புளுகினே?"

ஓரகத்தி ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். "அந்தம்மா உன்னை ஒரு பார்வை பார்த்தாங்களே, திருடியைப் பார்க்கிற மாதிரி. எனக்குப் பிடிக்கல. நான் உன்கூடப் பேசாம இருப்பேன், அது நம்ம வீட்டு விவகாரம். வெளியாளுக்கு முன்னால உன்னை விட்டுக் குடுப்பேனா?"

மூத்தவள் விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போய், பெட்டியைத் திறந்து, வயரைக் கழற்றி, பேட்டரியை இடுப்பில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள். கனம் தாங்காமல் வழியில் இரண்டு தடவை இறக்கி வைத்தாள். இரண்டாவது தடவை ஓரகத்தி வந்து ஒரு பக்கம் பிடித்தாள்.

அன்று சாயங்காலம் மின்சாரம் வழக்கம்போலக் கோபித்துக்கொண்டு போனது. கண்காட்சி வீட்டில் இருட்டு. அவள் தையல் பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் வந்து விளக்கடியில் உட்கார்ந்தாள். எதிரே அந்தப் பெண் புத்தகத்தை மடியில் வைத்து, கண்ணுக்கு எட்டத்தில் வைத்து, படித்துக்கொண்டிருந்தது. ரெண்டாம் கட்டம் வருமா, தெருவே தன்னைத் திட்டப்போகிறதா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஓரகத்தி இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். ஒன்றை அவள் முன்னால் வைத்துவிட்டு, அந்த முழங்கால் வலி அம்மாவின் குரலிலேயே கேட்டாள்.

"கடைசியா ஒண்ணு கேக்கறேம்மா. உங்க சந்தோஷம், ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு?"

வந்தவர்களுக்கெல்லாம் கூசாமல் அஞ்சு போட்டவளுக்கு அன்றைக்கு வாயில் ஒரு எண்ணும் வரவில்லை. ஊசியையும் நூலையும் ஓரகத்தியிடம் நீட்டினாள்.

"இதைக் கோத்துக் குடுடி. எனக்குக் கண்ணு தெரியல."

விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.