‘சத்தம் இல்லை’ என்று எழுதினேன்

நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி. இது எனக்கு நடந்தது. என் மனைவியிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை. பயந்துவிடுவாள் என்பதற்காக இல்லை. சொன்னால் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

அப்போது நான் ஒரு பெரிய கார் கம்பெனி ஷோரூமில், சர்வீஸ் கவுன்ட்டரில் இருந்தேன். வண்டிக்கு என்ன கோளாறு என்று வருகிறவர்களிடம் கேட்டு ஜாப் கார்டில் எழுத வேண்டும். மெக்கானிக்கிடம் அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர். சின்ன வெள்ளைக் கார். முதல் தடவையே தெளிவாகச் சொன்னார்.

“எஞ்சின் சூடானதுக்கு அப்புறம், மேட்டுல இடது பக்கம் திரும்புறப்ப மட்டும் ஒரு சத்தம் வருது தம்பி. டக்... டக்கு டக்... இப்படி.” மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். “முப்பது வருஷம் காதை வச்சுப் பொழச்சவ நான். தப்பாக் கேக்காது.”

மெக்கானிக் நின்ற இடத்திலேயே எஞ்சினை முடுக்கிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. மேட்டு ரோடு வரை ஓட்டிப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு. போக வரப் பன்னிரண்டு கிலோமீட்டர். அன்று பதினாலு வண்டி காத்துக்கொண்டிருந்தது. நான் போகவில்லை. கார்டில் மட்டும் எழுதினேன்: ‘ஓட்டிப் பார்க்கப்பட்டது. சத்தம் இல்லை.’ கீழே கையெழுத்து.

இரண்டாவது தடவையும் அதே வரி. மூன்றாவது தடவை ஆயிலை மாற்றிவிட்டு அதே வரி.

“ஒரே ஒரு தடவை என்கூட வந்து உக்காருங்க தம்பி. நீங்க கேட்டாப் போதும்” என்றார். நேரமில்லை என்றேன். அதற்குள் பட்டறையில் அவருக்கு ‘டக்டக் அம்மா’ என்று பேர் வைத்தாயிற்று. வைத்தது நான்தான்.

நான்காவது தடவை அவர் உள்ளே வந்ததை நான் கவனிக்கவில்லை. “டக்டக் அம்மாவுக்குக் கோளாறு காதுல. அதுக்கு நாம எங்க போயி ஸ்பேனர் போடுறது?” என்று மெக்கானிக்கிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே அந்த அம்மா நின்றிருந்தார். சாவியை மேசையில் வைத்தார். மாலையில் வந்து, அதே வரி எழுதிய கார்டை வாங்கி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பதினோரு நாள் கழிந்தது. வியாழக்கிழமை. மாலை 5.52. கவுன்ட்டரில் நான் மட்டும் இருந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

எதிரே அவர் நின்றார்.

வாசல் கதவு திறந்தால் மணி அடிக்கும். அடிக்கவில்லை.

“இன்னைக்கு வரீங்களா தம்பி?”

குரல் எங்கோ தூரத்திலிருந்து, போனில் வருவது போல இருந்தது. மறுக்க வாய் வரவில்லை. அன்று சொன்னது பதினோரு நாளாக உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு புது ஜாப் கார்டை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவருடைய ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கேட்கலாமா என்று நினைத்தேன்... கேட்கவில்லை.

வெள்ளைக் கார் வாசலில் நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. நான் ஓட்டினேன். அவர் பக்கத்து சீட்டில்.

பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் அந்த வண்டி ‘பீப் பீப்’ என்று கத்தும். அவர் பெல்ட் போடவில்லை.

வண்டி கத்தவில்லை.

மணி 6.04. ஒன்பது நிமிடம் ஓட்டியாயிற்று. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அசையவே இல்லை. உள்ளே ஆஸ்பத்திரி வாடை. குளிர் எலும்பைத் தொட்டது. என் பக்கத்துக் கண்ணாடியில் என் மூச்சு படிந்திருந்தது.

அவர் பக்கத்துக் கண்ணாடி துடைத்து வைத்தது போல இருந்தது...

6.11. மேடு வந்தது.

இடது திருப்பம்.

டக்...

டக்கு டக்...

டக்கு டக்... டக்கு டக்...

காலடியில் அதிர்ந்தது. இதைக் கேட்க முப்பது வருஷ அனுபவம் தேவையில்லை. யாருக்கும் கேட்டிருக்கும்.

“கேக்குதா?”

“கேக்குதும்மா.”

“எழுதுங்க.”

ஓரமாக நிறுத்தினேன். கார்டை மடியில் வைத்து எழுதினேன்: ‘ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இருக்கிறது.’ கையெழுத்துப் போட்டேன்.

“மன்னிச்சிருங்கம்மா” என்று திரும்பினேன்.

அவர் இல்லை.

சீட்டும் இல்லை.

கார் இல்லை.

மேட்டு ரோட்டோரம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஜாப் கார்டு.

எப்படித் திரும்பி வந்தேன் என்று சரியாக நினைவில்லை. கேட்டில் இருந்த வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“எங்க சார் போனீங்க? ஸ்டியரிங் புடிச்ச மாதிரி ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, தனியா நடந்து போனீங்க. கூப்பிட்டேன், திரும்பவே இல்ல.”

பதினாறு நிமிடத்தில் ஆறு கிலோமீட்டர். நடந்து.

திங்கட்கிழமை ஒரு பெண் கவுன்ட்டருக்கு வந்தார். அழுது வீங்கிய கண்கள். நான்கு ஜாப் கார்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். அந்த அம்மாவின் மகள்.

“இந்தக் கையெழுத்து யாரோடது?”

போன செவ்வாய்க்கிழமை, அதே மேட்டில், அவர் அம்மா ஓட்டிப் போன கார் பின்னால் உருண்டு பள்ளத்தில் விழுந்திருக்கிறது. எஞ்சினைத் தாங்கும் பிடிமானத்தில் பழைய விரிசல். அது முறிந்து எஞ்சின் சாய்ந்ததில் பிரேக் குழாய் பிய்ந்துவிட்டதாம். விபத்து வண்டியைச் சோதித்தவருக்கு இதைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லையாம்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் என்னைப் பார்த்து, பேசாதே என்று தலையாட்டினார்.

“என்னோடதுதாங்க” என்றேன். “நான் ஒரு தடவைகூட ஓட்டிப் பாக்கல. நாலுமே பொய்.”

அந்தப் பெண் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலை குனிந்துகொண்டேன்.

“செவ்வாய்க்கிழமையிலிருந்து அம்மாவுக்கு நினைவே இல்ல. ஐசியூவுல கண்ணே தொறக்கல” என்றார் மெதுவாக. “வியாழக்கிழமை சாயந்தரம், ஆறேகால் இருக்கும், திடீர்னு ஒரு வார்த்தை பேசுனாங்க. அதோட மூச்சு நின்னுருச்சு.”

“என்ன... சொன்னாங்க?”

“‘தம்பி எழுதிட்டாரு’ன்னாங்க. அவங்களுக்குத் தம்பியே கிடையாது. யாரச் சொன்னாங்கன்னு எங்களுக்குத் தெரியல.”