ஆவடி என்று என் காதில் விழுந்த ஊர்

என் வீட்டுக்காரருக்குக் கருமாதி முடிந்து மூன்று வாரம் கழித்து, தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஆவடிக்குப் போனேன். போனது ஒரு பானைக்காக. மண்ணில் கிடைத்த பழைய தாழிகளை மியூசியத்தில் நான் கழுவுவேன், அவர் ஒட்டுவார். பதினாறு வருஷம் அப்படித்தான் போனது. ஒட்டியதும் அடியில் ஊர்ப் பெயரை மையால் எழுதுவார். அவர் காய்ச்சலில் கிடந்தபோது, நினைப்பில்லாமல் ஒரு தாழியின் பெயரைத் தேய்த்துவிட்டேன். அவர் கடைசியாக ஒட்டிய தாழி அது. ஊர் தெரியாத பானை உடைசலோடு போய்விடும், அதுதான் முறை. எந்த ஊர் என்று அவரைக் கேட்டேன். இருமலுக்கு நடுவே ஆவடி என்றார்.

தாழியின் வாயில் ஒரு சில்லு இல்லை; அது கிடைத்தால் ஊரும் உறுதியாகிவிடும். அந்த ஓட்டை அளவுக்குக் காகிதம் வெட்டி எடுத்துக்கொண்டேன். சென்ட்ரலில் ஏழேகாலுக்கு ரயில், நாலணா. எட்டரையிலிருந்து மத்தியானம் வரை, தாழி எங்கே கிடைத்தது என்று ஏரிக்கரையெல்லாம் கேட்டு அலைந்தேன். யாருக்கும் தெரியவில்லை. கால் ஓய்ந்து ஸ்டேஷனுக்கே வந்தேன்.

அங்கே நின்ற ஜட்கா வண்டிக்காரர் எங்கே வேலை என்று விசாரித்தார். மியூசியம் என்றேன்.

"செத்த காலேஜா? அங்க உசுரோட கீறவங்களுக்கு இன்னா வேலை?" மியூசியத்துக்குப் பட்டணத்தில் அப்படி ஒரு பேர்.

கதையைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. "நல்லா ரோசனை பண்ணும்மா. ஆவடின்னாரா, சாவடின்னாரா? கரையான்சாவடியாண்ட கெணறு வெட்டச்சொல்லோ தாழி வந்திச்சின்னு பேசிக்கினாங்க."

இருமல் 'கரையானை'த் தின்று, 'சா'வையும் 'ஆ' ஆக்கியிருக்கிறது.

ஐந்து மைல், எட்டணா, ஒன்றேகால் மணி நேரம். கிணற்றுக்காரர் வீட்டு வாசலில் கோழி ஒன்று கறுப்புச் சில்லில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. காகிதத்தை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. என் வீட்டுக்காரர் வந்து தாழியை வைக்கோல் சுற்றிக் கொண்டுபோனதையும், சில்லு பிறகுதான் சேற்றில் கிடைத்ததையும் அந்த வீட்டு அம்மாள் சொன்னாள்.

"எடுத்துக்கினு போ. கோழி எதுல குடிக்கும்?"

சோறு கொண்டுபோன பித்தளைக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தேன்.

"கிண்ணத்துல அவரு பேரு வெட்டிக்கீதே."

இருக்கட்டும் என்றேன்.

கரையான்சாவடிக்குப் போகிறவர்கள் என்னைப்போல் ஆவடி சுற்ற வேண்டாம். பட்டணத்திலிருந்து பூந்தமல்லிக்கு பஸ் இருக்கிறது, அதில் போய் இறங்கி நடந்தால் போதும். சோறு கட்டிக்கொள்ளுங்கள். படுத்திருப்பவர் ஏதாவது சொன்னால் இரண்டு தரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில்லை நானே ஒட்டினேன். ஊர்ப் பெயரையும் நானே எழுதினேன். எழுதிப் பழக்கமில்லாத கை, 'சா' மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.