முறுக்கு உழக்கில் செய்த துப்பாக்கி

மாறுவேடப் போட்டிக்கு என் மகளை மீன்காரியாக அனுப்பச் சொன்னார் வகுப்பு ஆசிரியை. சொன்னதைவிட, சொல்லும்போது சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு ஈஸிதானேம்மா, கூடை வீட்லயே இருக்கும்ல?"

என் கணவர் படகு வைத்திருக்கிறார். வீட்டில் கூடையும் இருக்கிறது, உண்மைதான். அதற்காக, எட்டு வயதுப் பிள்ளை வேறு எதுவாகவும் ஆகக் கூடாதா? நான் இயற்பியல் படித்தவள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியுமா? இதையெல்லாம் வீட்டுக்கு வந்து பாத்திரம் விளக்கும்போது கேட்டுக்கொண்டேன். அங்கே, "சரிங்க மிஸ்" என்றுதான் சொல்லியிருந்தேன்.

என் மகள் சரி என்று சொல்லவில்லை. அவளுடைய அப்பாவின் பெட்டியில் எலி தின்றது போக மிஞ்சியிருந்த பழைய சித்திரக்கதை ஒன்றைத் தூக்கி வந்தாள். அதில் ஒரு விண்வெளிப் பெண். கையில் வயிறு பெருத்த துப்பாக்கி, குழலைச் சுற்றி வளையம் வளையமாக. வருங்காலம் இப்படித்தான் இருக்கும் என்று எந்தக் காலத்திலோ யாரோ நம்பி வரைந்தது.

"இது சுடாதும்மா. வெளிச்சந்தான் விடும்," என்று எனக்குத் தைரியம் சொன்னாள். பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுக்கலாமா என்று நான் யோசித்தது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

வயிற்றுக்கு, பக்கத்து வீட்டிலிருக்கும் நாத்தனாரின் பித்தளை முறுக்கு உழக்கு. கைப்பிடிக்கு எங்கள் அடுப்பு லைட்டர். விசையை அழுத்தினால் 'டிக்' என்று பொறி தெறிக்கும். வாய்க்கு எண்ணெய் ஊற்றும் புனல். குறி பார்க்க டீ வடிகட்டி. புனலின் குழலில் ஜன்னல் திரையின் வளையங்கள். உச்சியில் வைக்க மட்டும் எதுவும் அமையவில்லை. கடைசியில், படகிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய வயர்லெஸ் செட்டின் குட்டை ஆண்டெனாவைச் செருகினேன். அதுதான் அழகாக இருந்தது.

நாத்தனார் வாசலில் நின்று பார்த்தாள்.

"மதினி, மாதா திருவிழாவுக்கு முறுக்குச் சுடணும். பசை கிசை ஒட்டி வச்சீங்க, உங்களையே அதுல போட்டுப் பிழிஞ்சிருவேன்."

பசை ஒட்ட எனக்கும் வழியில்லை. எல்லாமே மறுநாள் அடுப்படிக்குத் திரும்ப வேண்டிய சாமான்கள். அதனால் தூண்டில் நரம்பால் கட்டினேன். இழுத்தால் இறுகும், முனையைச் சுண்டினால் அவிழ்ந்துவிடும் முடிச்சு; எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் போட்டுக் காட்டுவார்கள்.

போட்டி ராமநாதபுரத்தில். காலையில் பஸ் ஏறினோம். எங்கள் தீவின் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தடுப்பு வைத்து நிறுத்தினார்கள். யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். சுற்றுலாக் கார்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கையசைத்து அனுப்பினார்கள். எங்கள் பஸ்ஸில் இருந்தவர்களை மட்டும் இறக்கிப் பையைத் திறக்கச் சொன்னார்கள்.

போலீஸ்காரர் என் பையிலிருந்து அதை இரண்டு விரலால் தூக்கினார்.

"என்னம்மா இது?"

நான் வாய் திறக்கும் முன், "துப்பாக்கி!" என்றாள் என் மகள், அத்தனை பெருமையோடு.

பஸ் மொத்தமும் சிரித்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் கண் ஆண்டெனாவில் நின்றது.

"இது ஏது?"

"பழைய வயர்லெஸ்ஸோடது சார். எங்க வீட்டுக்காரர் போட்ல கெடந்தது."

"போட்டா? அவரு எங்கன?"

"கடலுக்குப் போயிருக்காரு."

சிரிப்பு நின்றுபோனது. இந்தக் கரையில் போட், வயர்லெஸ் என்ற இரண்டையும் ஒரே பேச்சில் சொன்னால் கடத்தல் என்றே நினைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? பொம்மை செய்யும் மும்முரத்தில் அது மறந்துபோயிருந்தது. ஆனாலும் கேட்கிறேன், மனிதன் கடலுக்குப் போவது குற்றமா? ஊருக்கெல்லாம் மீன் வேண்டும், மீன் பிடிக்கிறவன் பெயரைக் கேட்டால் மட்டும் முகம் மாற வேண்டுமா?

"இங்கன வச்சிட்டுப் போங்க. திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்."

திரும்பி வரும்போது எதற்கு? மகள் அழவில்லை. என்னையே பார்த்தாள். பேசாமல் கூடையையே தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகவே என் மேல் எனக்குக் கோபம் வந்தது.

"சார், நானே பிரிச்சுக் காட்டுறேன். எது ஆகாதோ அத மட்டும் வச்சுக்கங்க."

அவர் மேசை மேலேயே முடிச்சை ஒவ்வொன்றாகச் சுண்டினேன்.

"இது முறுக்கு உழக்கு. வேணுமா சார்?"

அதை என் பக்கம் தள்ளினார்.

"லைட்டர். டீ வடிகட்டி. புனல்."

பின்னாலிருந்து ஒரு பெரியம்மா சத்தம் கொடுத்தார். "ஏய்யா, முறுக்குச் சுட்டாலும் கேஸாய்யா?"

பஸ் மறுபடி சிரித்தது. கண்டக்டர் ஹாரனை அடிக்கச் சொன்னார். போலீஸ்காரர் ஆண்டெனாவை மட்டும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, போ என்று தலையசைத்தார். மீதியை வாரிக்கொண்டு பஸ் ஏறினோம்.

ஓடும் பஸ்ஸில், மடியில் வைத்து மறுபடி கட்டினோம். அவள் பிடித்துக்கொள்ள, நான் முடிச்சுப் போட்டேன். ஆண்டெனா இல்லாத மொட்டை உச்சியைப் பார்த்துவிட்டு, என் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிச் செருகினாள்.

"சிக்னல் கொஞ்சம் கம்மியாத்தான் வரும்," என்றாள்.

தலைவிரி கோலமாக நான் கீழே நிற்க, மேடையில் அவள் விசையை அழுத்தினாள். 'டிக்'. பொறி கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது என்று அவள் இன்றும் நம்புகிறாள். முதல் பரிசு டவுன் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுக்குப் போனது. வேடம், மீன்காரி. கூடையில் பிளாஸ்டிக் மீன். எங்கள் ஆசிரியை, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். இந்த முறை நான் "சரிங்க மிஸ்" சொல்லவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

திரும்பும்போது சோதனை இடம் நெருங்க நெருங்க, என் விரல் தானாக முடிச்சுக்குப் போனது. எதற்கு வம்பு, பிரித்தே வைத்துவிடலாம். மகள் துப்பாக்கியை இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எங்களை யாரும் நிறுத்தவில்லை. தடுப்பு ஓரமாகக் கிடந்தது. பெரிய மனிதர் வந்து போய்விட்டார் போல. அப்படியானால் காலையில் எங்கள் பையில் இருந்த ஆபத்து இப்போது எங்கே போயிற்று?

"அண்ணே, நிறுத்துங்க," என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பஸ்ஸில் பேசியதே இல்லை.

"ஸ்டாப்பிங் இல்லம்மா."

"காலைல மட்டும் இருந்துச்சா?"

நின்றது. பிள்ளையையும், அவள் கையிலிருந்த பிரிக்காத துப்பாக்கியையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். மேசையைத் தூக்கிக்கொண்டிருந்தவர் காலையில் பார்த்த அதே போலீஸ்காரர்.

"எங்க ஆண்டெனா சார்."

"இதுக்காகவா பஸ்ஸ விட்டு எறங்குனீங்க?"

"ஆமா சார்."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். என் மகள் அங்கேயே, அவர் முன்னாலேயே, கொண்டை ஊசியை உருவி என்னிடம் கொடுத்துவிட்டு அதைச் செருகினாள். நான் அடுத்த பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்று கொண்டை போட்டுக்கொண்டேன்.